தோட்டப் பள்ளியில் வரலாறும் குடிமையும்

வரலாறு என்னும் சொல் வரல், ஆறு என்னும் இரு சொற்களால் ஆகியது. ஆறு என்றால் வழி. ஒரு மக்கட் கூட்டம் வந்த வழியைக் கூறுவது வரலாறு. குடிமை என்பதும் பழஞ்சொல்லே. திருக்குறளில் அஃது ஓர் அதிகாரத்தின் பெயர். ஆங்கு நற்குடிப் பிறந்தாரின் பண்பைக் குறிக்கும். இன்றைய வழக்கிலோ, பிறந்த குடி எதுவாயினும் நாட்டின் சட்டத்தால் ஒருவர் பெறும் உரிமையையும் ஆற்றும் கடமையையும் அச்சொல் குறிக்கிறது. பிறப்பின் சிறப்பைச் சுட்டிய சொல் சட்டத்தின்முன் உள்ள சமநிலையைச் சுட்டும் சொல்லாக வளர்ந்திருப்பது கருதத்தக்கது.

இவ்விரண்டையும் பள்ளியில் கற்பித்தே ஆகவேண்டும் என்று அரசுகள் பலவும் விதித்துள்ளன. தமிழகத்தில் சமூக அறிவியல் என்னும் நூலுள் வரலாறும் புவியியலும் குடிமையியலும் சேர்ந்து இடம்பெறுகின்றன. இலங்கையில் வரலாறும் குடியுரிமைக் கல்வியும் தனித்தனிப் பாடங்கள். இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டில்தான் இடைநிலைப் பள்ளிகளுக்குக் குடிமைக் கல்வி கட்டாயமாயிற்று. மலேசியாவிலும் அத்தகைய விதி உண்டு. அவ்விதி சிலாங்கூரின் வடபகுதியில், கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பஞ்சாங் வரையுள்ள தமிழ்ப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடாது விட்டது, விட்டதை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பனவற்றை அறிவது ஆசிரியர்க்கு இன்றியமையாதது.

தொழிற் சட்டம் தந்த பள்ளி

கோலசிலாங்கூரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் சென்றால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் ஆகிய ஊர்களைக் கடந்து சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம் பகுதிகளை அடையலாம். கரையை ஒட்டி நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும். உட்புறத்தில் ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள். நெல் நிலத்திலும் பாரிட் எனப்படும் வாய்க்கால் ஓரத்துக் கம்பங்களிலும் ஜாவானியரும் பஞ்சார் மக்களும் குடியேறினர். தோட்டங்களில் வாழ்ந்தோர் பெரும்பாலும் தமிழர்.

அத்தோட்டங்களில் பள்ளி எழுந்தது கல்விச் சட்டத்தால் அன்று, தொழிற் சட்டத்தால். மலாய் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் பள்ளியும் ஆசிரியரும் அமைக்குமாறு முதலாளிக்கு ஆணையிட இடம் தந்தது. லயத்து வீடு, மருந்தகம் ஆகியவற்றோடு பள்ளியும் தொழிலாளர்க்குரிய ஏந்துகளுள் ஒன்றாயிற்று. பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதாம் ஆசிரியர்.

பள்ளி இருக்கவேண்டும் என்று கூறிய சட்டம், அதனுள் நாட்டைப் பற்றி யாது கற்பிக்கவேண்டும் என்பதில் அக்கறை காட்டவில்லை. பாட நூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தன. அவற்றில் இருந்த அரசர்களும் ஆறுகளும் ஊர்களும் அந்நாட்டைச் சேர்ந்தவை. சிலாங்கூர் ஆற்றின் கரையில் வளர்ந்த பிள்ளை காவிரியைக் கற்றான். தன் வீட்டு முன் ஓடும் ஆற்றின் பெயரை நூலில் காணவில்லை. காவிரியைக் கற்றது குறையன்று. அஃது அவனுடைய முன்னோர் நாடு. வாழும் நாட்டைக் கல்லாததே குறை.

தொழிலாளர் இக்குறையை அறியாதவர் அல்லர். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வும், கள்ளுக்கடை மூடலும், துரைக்கு முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டாயத்தின் ஒழிப்பும் இருந்தன. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அரசு படையை ஏவிப் போராட்டத்தை ஒடுக்கியது, உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் கேட்ட அம்மக்கள், குடிமை என்னும் பாடத்தைப் பள்ளியில் படித்தவர் அல்லர், வாழ்க்கையில் படித்தவர்.

நாட்டுக்கு ஒரு பாடத்திட்டம்

1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆட்சியில் பள்ளிகளில் ஜப்பானிய மொழியும் ஜப்பானிய நாட்டுப் பண்ணும் புகுந்தன. ஆள்வோர் மாறும்போது பாடமும் மாறும் என்பதை மலாயா மக்கள் கண்ணாரக் கண்ட காலம் அது. அதே ஆண்டுகளில் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கானோர் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர்.

விடுதலை நெருங்கியபோது, பல மொழிப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளை ஒரே நாட்டு மக்களாக வளர்ப்பது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. 1951-ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இயங்கும் ஒரே வகைத் தேசியப் பள்ளியை விழைந்தது. அன்றைய கல்வியமைச்சர் அப்துல் ரசாக் உசேன் தலைமையில் அமைந்த குழுவின் 1956-ஆம் ஆண்டு அறிக்கை வேறு வழி கண்டது. தமிழும் சீனமும் தொடக்கப் பள்ளியில் பயிற்று மொழிகளாக இருக்கலாம். ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் பாடத்திட்டத்தின் உள்ளடக்கம் பொதுவாக இருத்தல் வேண்டும். அது மலாயாவை நடுவாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதனை ஏற்றது. 1960-ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அதனைத் தொடர்ந்து நாட்டுக் கல்வி முறையை இறுக்கமாக்கின.

தமிழ்ப் பள்ளியில் மலாயா வரலாற்றுக்கு இடம் கிடைத்தது இவ்வாறு. தமிழில் படித்துக்கொண்டே இந்நாட்டை அறியலாம் என்னும் உடன்பாடு அதில் இருந்தது. இன்றும் தமிழ்ப் பள்ளி நாட்டுக் கல்வி முறையின் உறுப்பாக நிற்பதற்கு அவ்வுடன்பாடு ஓர் அடிப்படை. ஆகவே, பொதுப் பாடத்திட்டத்தை அயலார் சுமத்திய சுமை என்று மட்டும் கருதுதல் பொருந்தாது.

பாடம் பெயர் மாறிய கதை

1969 மே 13 கலவரத்தின் பின்னர், 1970 ஆகஸ்ட் 31 அன்று ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. இறைவன்பால் நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டிற்கும் பற்றுறுதி, அரசமைப்புச் சட்டத்தின் மேன்மை, சட்ட ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும் என்னும் ஐந்து கோட்பாடுகள் பள்ளிகளில் ஓதப்படலாயின. அவற்றுள் மூன்றாவதும் நான்காவதும் விளக்கம் இன்றி விளங்கா. அரசமைப்புச் சட்டம் யாது, அதன் மேன்மை ஏன் என்பன சபையில் ஓதுவதால் மட்டும் வந்துவிடுவன அல்ல. அவை வகுப்பறையின் வேலை.

ஆயினும் தொடக்கப் பள்ளியில் குடிமையும் வரலாறும் நெடுங்காலம் நிலையாக நிற்கவில்லை. 1983-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் அவை மனிதனும் சுற்றுப்புறமும் பற்றிய ஒரு கலப்புப் பாடத்துள் அடங்கின. நன்னெறிக் கல்வி தனிப்பாடமாயிற்று. 1990-களில் அக்கலப்புப் பாடத்தின் இடத்திற்கு வட்டாரம் பற்றிய பாடம் வந்தது. இடைநிலைப் பள்ளியில் மட்டும் 1989-ஆம் ஆண்டு முதல் வரலாறு அனைவரும் கற்கவேண்டிய மூலப் பாடமாக இருந்து வருகிறது. 2005-ஆம் ஆண்டில் குடிமைக் கல்வி நான்காம் ஆண்டிலும் முதலாம் படிவத்திலும் தனிப்பாடமாகத் தொடங்கிப் பின்னர் நீங்கியது. 2019 ஜூன் மாதம் முதல், மொழி, வரலாறு, நன்னெறி முதலிய பாடங்களுக்குள்ளேயே மாதத்தின் நான்காம் வாரத்தில் ஒரு மணி நேரம் குடிமையைக் கற்பிக்கும் முறை வந்தது. அன்பு, மதிப்பு, பொறுப்பு, மகிழ்ச்சி என்னும் நான்கும் அதன் அடிப்படை விழுமியங்களாக வைக்கப்பட்டன.

இந்நான்கும் போற்றத்தக்கனவே. ஆனால் இவை குடிமைக்கு மட்டும் உரியன அல்ல. நல்ல மனிதனுக்கு எங்கும் உரியன. குடிமைக்கே உரிய அறிவு வேறொன்று உண்டு. ஊராட்சி மன்ற உறுப்பினர் எவ்வாறு பதவிக்கு வருகிறார்? இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் உறுப்பினர்கள் நியமனம் பெறுகின்றனர். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எவ்வாறு வேறுபடுகின்றன? நிலம் யாருடைய அதிகாரத்தில் உள்ளது, கல்வி யாருடைய அதிகாரத்தில் உள்ளது? நிலம் மாநில அரசின்பாலும் கல்வி நடுவண் அரசின்பாலும் உள்ளன என்பது தெரியாத ஊரார், பள்ளி நிலத்திற்காக எந்தக் கதவைத் தட்டுவது என்று அறியாது அலைவர். தோட்டப் பள்ளிகள் பலவற்றின் நிலம் தனியார் தோட்டத்திற்குச் சொந்தமாக இருப்பதால், இஃது ஏட்டுக் கேள்வி அன்று.

கட்டாயம் இரண்டு

இன்றைய மாணவர்மீது இரண்டு கட்டாயங்கள் உள்ளன. ஒன்று தேர்வைச் சார்ந்தது. 2013-ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி வேண்டும். அதற்குமுன் மலாய் மொழிக்கு மட்டும் இருந்த நிலை வரலாற்றுக்கும் வந்தது. கணக்கிலும் அறிவியலிலும் சிறந்த மாணவரும் வரலாற்றில் தவறினால் சான்றிதழை இழப்பர். இதனோடு இயைய, 2014-ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளியிலும் வரலாறு தனிப்பாடமாயிற்று. 2010-ஆம் ஆண்டில் இம்முடிவு அறிவிக்கப்பட்டபோது, பாட நூல்களில் எல்லா இனத்தாரின் பங்கும் நேர்மையாக இடம்பெற வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் குரல் எழுப்பினர். கட்டாயமாக ஒன்றைக் கற்பிக்கும்போது அதன் நடுநிலையைக் கேட்பது குடிமை உரிமையே ஆகும்.

மற்றொன்று வாக்கைச் சார்ந்தது. 2019-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆயிற்று. பதிவும் தானாகவே நிகழ்கிறது. முன்பு பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து வாக்காளரானார்கள். இன்று ஐந்தாம் படிவம் முடித்த மறு ஆண்டே வாக்காளராகிவிடலாம். பள்ளியில் கல்லாத குடிமையை இடையில் கற்றுக்கொள்வதற்குக் காலம் இல்லை.

சொற்களின் பாலம்

தமிழ்ப் பள்ளி மாணவர் வரலாற்றை ஆறாம் ஆண்டு வரை தமிழில் கற்கிறார். இடைநிலைப் பள்ளியில் அதையே மலாயில் கற்று மலாயில் எழுதுகிறார். தமிழில் பொருளை அறிந்தும், மலாய்ச் சொல் தெரியாமையால் அறியாதவர் போல் நிற்கும் நிலை நேரக்கூடும். இதற்கு மருந்து தமிழைக் குறைப்பதன்று. பொருளைத் தமிழில் ஆழமாக விதைத்து, மலாய்ச் சொல்லை அதனருகே வைப்பதே மருந்து.

மொழி ஆசிரியர்க்கு இஃது இனிய வேலை. செஜாரா என்னும் மலாய்ச் சொல் மரம் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது. தலைமுறைகள் கிளைத்துப் பரவுவதை அது நினைவூட்டும். தமிழர் வரலாற்றை வழியாகக் கண்டனர். மலாய் மொழி அதனை மரமாகக் காட்டுகிறது. குடிமகனைக் குறிக்கும் வார்கா நெகாரா என்பதில் வர்க்கம், நகரம் என்னும் வடசொற்கள் நிற்கின்றன. மந்திரி மெந்தெரி ஆனதும், கடை கெடாய் ஆனதும் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வர். சொற்களின் வழியே இரு மக்களின் பழந்தொடர்பும் ஒரு பாடமாகிவிடுகிறது. நான்காம் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு பாடத்திற்கும் பத்துச் சொற்களை இரு மொழியிலும் எழுதிவைக்கும் ஏடு ஒன்றை மாணவர் வைத்திருப்பாராயின், மூன்று ஆண்டில் அது நல்லதோர் அகராதியாகும்.

திறந்து கிடக்கும் கதவு

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்திட்டத்தில் பலர் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. வரலாறு என்பது யாது என்று தொடங்கி, தன்னையும் குடும்பத்தையும், தன் பள்ளியின் வரலாற்றையும், தான் வாழும் இடத்தின் வரலாற்றையும் அறிந்த பின்னரே வரலாற்றுக்கு முந்திய காலத்திற்கும் பழைய மலாய் அரசுகளுக்கும் மலாக்காவிற்கும் அது செல்கிறது. மலாக்காவைப் பற்றி நூல் எழுதப்பட்டுள்ளது. மாணவரின் பள்ளியைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் யாரும் எழுதித் தர இயலாது. அப்பக்கங்களை அரசே ஆசிரியருக்காக வெறுமையாக விட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

கோலசிலாங்கூர்ப் பகுதியில் அப்பக்கங்களை நிரப்பச் செய்திக்குப் பஞ்சம் இல்லை. மலாவாத்தி குன்றில் சிலாங்கூர்ச் சுல்தான்களின் கோட்டையும் கல்லறைகளும் உள்ளன. 1784-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அக்கோட்டையைக் கைப்பற்றியதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டதும் பாடநூலுக்கு உரிய செய்திகள். அவை நிகழ்ந்த இடமோ பிள்ளைகள் ஒரு நாளில் சென்று வரத்தக்கது.

பெஸ்தாரி ஜெயா என்று 2007-ஆம் ஆண்டில் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-ஆம் ஆண்டில் அங்குத்தான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கினார். நாட்டின் பொருளாதாரத்தைப் பின்னாளில் தாங்கிய ஒரு தொழிலின் பிறப்பிடம் தமிழ்ப் பெயர் பூண்டு நிற்கிறது. தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது. துரையின் பெயர் நூல்களில் உள்ளது. அக்கன்றுகளை நட்டு நீர் வார்த்தவர் பெயர்கள் எங்குள்ளன என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அவ்வினாவில்தான் வரலாற்றுக் கல்வி தொடங்குகிறது.

அப்பெயர்களைத் தேடும் முறையும் எளிது. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல் ஏடு, கோயில் கல்வெட்டு, இடுகாட்டுக் கல், பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை ஆகியன சான்றுகள். முதியோர் இருவரிடம் ஒரே நிகழ்ச்சியைக் கேட்டு, வேறுபடும் இடத்தைக் குறித்து, எழுத்துச் சான்றோடு ஒப்பிடச் செய்யலாம். சொன்னதை எல்லாம் நம்பாமலும், சொன்னவரை அவமதியாமலும் உண்மை காணும் பழக்கம் இதனால் வரும். சயாம் சென்று மீண்டவர் கதை பேரப்பிள்ளை வாயிலாகக் கிடைக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கிய பாட்டியின் பத்திரம் பெட்டியில் இருக்கலாம்.

குடிமைப் பாடமும் இச்சான்றுகளுள்ளேயே கிடைக்கும். ஒரு வீட்டில் நீல அடையாள அட்டையும் சிவப்பு அடையாள அட்டையும் இருந்தால், அவற்றின் வேறுபாடே ஒரு பாடம். 1957 விடுதலை நாளுக்குப்பின் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பால் குடிமக்களாயினர். 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர்ப் பெற்றோரின் நிலையும் பார்க்கப்படலாயிற்று. 1968-ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. அதனை அடுத்துப் பல்லாயிரம் இந்தியர் நாடு திரும்பினர். உரிய காலத்தில் ஒரு தாளைப் பதியாமையால் பிரிந்த குடும்பங்கள் தோட்டப்புறத்தில் உண்டு. பிறப்பைப் பதிவதன் தேவையை இதைவிடத் தெளிவாக எந்த நூல் கற்பிக்கும்?

காலம் காத்திராது

விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பர். இன்றுள்ளவை 530-க்கும் குறைவு. தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறும்போது பள்ளி இடம் பெயர்கிறது. பெயர்ந்த பள்ளிக்குப் புதுக் கட்டடம் கிடைக்கும். பழைய பதிவேடு கிடைக்கும் என்று கூற இயலாது. கறையான் அரிக்கும் ஏடும், நினைவு மங்கும் முதியோரும் பாடத்திட்டக் குழுவின் அடுத்த சீர்திருத்தம் வரை காத்திருக்க மாட்டார்கள்.

தேசியப் பாட நூலில் தோட்டத் தமிழரின் பங்கு விரிய வேண்டும் என்று கேட்பது நேர்மையான கோரிக்கை. அக்கோரிக்கைக்கு வலுவூட்டுவது சான்று. ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியும் நான்காம் ஆண்டு வகுப்பின் துணையோடு தன் வரலாற்றை இருபது பக்கம் எழுதி, ஆண்டுதோறும் சில பக்கம் சேர்த்து, ஒரு படியைப் பள்ளியிலும் ஒரு படியைப் பொது நூலகத்திலும் வைக்குமானால், நாளை நாட்டு வரலாறு எழுதுவோர் அதனைப் புறக்கணித்தல் அரிது. அதற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. இருக்கும் விதியே அதனைச் செய்யச் சொல்கிறது.